எங்கள் பெயரில் அச்சான வீடு

பத்திரிகைக்காரியாகப் போகிறேன் என்று நான் அப்பாவிடம் சொன்னபோது அவர் வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் "ஆருக்கு?" என்று கேட்டார். யாருக்காக எழுதப் போகிறாய் என்று கேட்டாரா, யாரிடம் வேலைக்குப் போகிறாய் என்று கேட்டாரா, எனக்கு விளங்கவில்லை. "எல்லாருக்கும்தான்" என்று சொல்லி வைத்தேன். எனக்கு அப்போது பதினாறு வயது. கடல் வந்து போய் ஒரு வருடம் ஆகியிருக்கவில்லை.

எங்கள் வீடு நாவலடியில் இருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மட்டக்களப்பு வாவி, நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். அன்று காலை கடல் அந்த நிலத்தைக் கடந்து எங்களை வாவிக்குள் கொண்டுபோய்க் கொட்டியது. அப்பா தென்னை ஒன்றைக் கட்டிப்பிடித்துத் தப்பினார். என்னை ஒரு தோணிக்காரர் தலைமயிரைப் பிடித்து இழுத்தெடுத்தார். அம்மாவைப் பிறகு ஆஸ்பத்திரியில், சீலையை வைத்துத்தான் அடையாளம் கண்டோம்.

அதன்பின் நகரத்தின் ஓரத்தில் தகரக் கொட்டில் வாழ்க்கை. முகாமுக்கு யார் யாரோ வந்தார்கள். கலர் பென்சில் கொடுத்து அலையை வரையச் சொன்னார்கள். வட்டமாக உட்கார வைத்து, மனதில் உள்ளதைச் சொல்லுங்கள் என்றார்கள். நான் சொல்லவில்லை. சொல்லாத பிள்ளைகளைப் பற்றி அவர்கள் தங்களுக்குள் ஏதோ கதைத்துக்கொண்டு போனார்கள். அந்த நாட்களில்தான் பெண்பிள்ளைகளுக்கு ஊடகப் பயிற்சி என்று ஓர் அறிவித்தல் தண்ணீர்க் குழாயடியில் ஒட்டப்பட்டது. உண்மையைச் சொன்னால், மத்தியானச் சாப்பாடு பார்சல் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் நான் போனேன்.

நகரத்துக்குள், வாவியைப் பார்த்தபடி இருந்த ஒரு பறங்கியர் வீட்டின் முன்பாதியை ஒரு நிறுவனம் வாடகைக்கு எடுத்திருந்தது. பின்பாதியில் வீட்டுக்காரம்மா இருந்தார். அவருடைய பியானோச் சத்தம் சில நாட்களில் எங்கள் வகுப்புக்குள் வரும். நாங்கள் எட்டுப் பெண்கள். சொல்லித்தர வந்தவளை அக்கா என்று கூப்பிட்டோம். மட்டக்களப்பிலேயே பிறந்து, கொழும்பில் ஒரு பத்திரிகையில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவள். முப்பது வயதுகூட இருக்காது. ஸ்கூட்டரில் வந்து, ஹெல்மெட்டை மேசையில் வைத்துவிட்டு, முதல் நாள் அவள் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"உங்கட கதைய ஆரும் இஞ்ச கேக்கப் போறதில்ல. நீங்கதான் மத்தாக்கள்ட கதையக் கேக்கப் போறீங்க."

எனக்கு மூச்சு வந்த மாதிரி இருந்தது. அத்தனை மாதமாக எல்லோரும் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். இவள்தான் எங்களுக்கும் செய்ய ஒரு வேலை இருக்கிறது என்று சொன்ன முதல் ஆள். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் எங்கே போகச் சொன்னாலும் போயிருப்பேன்.

இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டாள். எனக்குச் சோடியாக வந்தவள் காத்தான்குடிப் பிள்ளை. அவளுடைய வாப்பாவுக்குப் புடவைக் கடை. முதல் கிழமை முழுவதும் அவளுடைய மாமா மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டு, வகுப்பு முடியும்வரை எதிர்த்த தேத்தண்ணிக் கடையில் காவல் இருந்தார். அவர்கள் முஸ்லிம், நாங்கள் தமிழ்; அவளுடைய ஊருக்கும் எங்கள் ஊர்களுக்கும் நடுவில் நடந்த கொலைகளெல்லாம் இரண்டு வீட்டாருக்கும் தெரியும். அதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவளுக்குப் பயமே கிடையாது. எனக்கு எழுத்து வரும். அது போதுமாக இருந்தது.

அக்கா எங்களை வகுப்பில் வைத்திருந்த நேரம் குறைவு. சந்தைக்குப் போ, ஆஸ்பத்திரிக்குப் போ, பஸ் நிலையத்தில் நில், யாரிடமாவது ஒரு விஷயத்தைக் கேட்டுக்கொண்டு வா என்று துரத்துவாள். நாங்கள் முதலில் போனது மீன் சந்தைக்கு. வியாபாரி ஒருவர் எங்களைப் பார்த்து, வாங்குவதென்றால் நில்லுங்கள், இல்லாவிட்டால் நடையைக் கட்டுங்கள் என்றார். என் சோடி உடனே ஒரு பாரை மீனைத் தூக்கி விலை பேசத் தொடங்கினாள். அவள் குறைத்துக் கேட்கக் கேட்க அவருக்குக் கோபம் ஏறியது. கடைசியில் மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டார். கடல் மீன் ஆட்களைத் தின்றிருக்கும் என்று சனம் இன்னும் வாங்கப் பயப்படுகிறது, வாவி மீனைத்தான் தேடுகிறது, தன்னுடைய வீட்டிலேயே பெண்சாதி கடல் மீன் ஆக்குவதில்லை என்றார். வகுப்பில் தந்த ரெக்கோடர் என் கையில் ஓடிக்கொண்டிருந்தது. அவரிடமே சொல்லி, சம்மதம் வாங்கி, எழுதினோம். அக்கா அதை வகுப்புச் சுவரில் ஒட்டினாள். அன்று முழுவதும் நான் ஏதோ சாட்டுச் சொல்லி அந்தச் சுவர்ப் பக்கம் போய்ப் போய் வந்தேன்.

பெயரை எழுத்துக்கூட்டிக் கேள், காதால் கேட்டதைக் கண்ணால் பார், ஒரு ஆளைக் குற்றம் சொல்லும்போது அந்த ஆளிடமும் போய்க் கேள். இதெல்லாம் அவள் சொல்லித்தந்தவை. நாங்கள் எழுதியதை அவள் சிவப்புப் பேனையால் கிழித்தெறிவாள். ஆனால் ஏன் வெட்டினேன் என்று ஒவ்வொரு வெட்டுக்கும் காரணம் சொல்லுவாள். கொட்டிலுக்குத் திரும்பும் வழியெல்லாம் நான் அவளைப் போலவே நடந்து பார்ப்பேன்.

சில மாதங்களில் எங்களுக்கென்று ஒரு பத்திரிகை வரப்போகிறது என்றாள். ஒவ்வொரு சோடிக்கும் ஒரு விஷயம். ஒரு சோடி உன்னிச்சைக்குப் போய்க் குளத்துத் தண்ணீரைப் பற்றி எழுதியது. எங்களுக்குக் கிடைத்தது புதிய வீடுகள்.

கடலோரத்து ஆட்களுக்கு நகரத்துக்கு வெளியே, தாழ்ந்த நிலம் ஒன்றை நிரப்பி வீட்டுத்திட்டம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் நாவலடி ஆட்கள் பலருக்கு முதல் வரிசை வீடுகள் கொடுத்தாயிற்று. அப்பாவுக்கும் எனக்கும் பின்வரிசையில் ஒன்று அரைகுறையாக நின்றது. அதனால் எனக்கு அந்த இடம் புதிதல்ல. ஆனால் கேள்வி கேட்கிறவளாகப் போனது அன்றுதான்.

அம்மாவின் சிநேகிதி ஒருவரைத் தேடிப் போனோம். நான் மாமி என்று கூப்பிடுவேன். நாவலடியில் எங்களுக்கு அடுத்த வளவு. கடலில் மாமியின் இரண்டு பேரப்பிள்ளைகள் போய்விட்டார்கள். என்னைக் கண்டதும் "வா மனே" என்றார். ஆணோ பெண்ணோ, பிள்ளைகளை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வீடு எப்படி என்று கேட்டேன். நல்ல வீடு, ஒரு குறையுமில்லை என்றார். ரெக்கோடரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். என் சோடி அதை நிறுத்திப் பைக்குள் வைத்தாள். பிறகு மாமி எழும்பிக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

பின்சுவரில் ஒரு அகப்பைக் காம்பால் சுரண்டிக் காட்டினார். பூச்சு மணலாகக் கொட்டியது. நிலத்திலிருந்து இடுப்பு உயரத்துக்குச் சுவர் நனைந்து கிடந்தது. அப்போது மழைகூட இல்லை. என் சோடி குனிந்து கொட்டிய மணலில் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "உப்பு மாமி" என்றாள். கடற்கரை மணலை அள்ளிச் சீமெந்தோடு குழைத்திருந்தார்கள். அவள் நாக்கை நீட்டிக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்து மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடலுக்குப் பிறகு மாமி சிரித்து நான் காணவில்லை. நான் வகுப்பில் தந்த கமராவைத் தூக்கி அந்தச் சிரிப்பைப் படம் எடுத்தேன்.

வீடு எல்லாம் முடிந்தது, திருப்தி என்று கையெழுத்து வைத்தால்தான் கதவுத் திறப்பைக் கையில் தருவோம் என்றார்களாம். மாமியும் வைத்திருக்கிறார். வரிசையில் இருந்த மற்ற வீடுகளுக்கும் போனோம். அதே சுவர், அதே கதை. ஆனால் பெயர் போடச் சம்மதித்தவர் மாமி மட்டும்தான். பயமில்லையா என்று கேட்டேன்.

"என்ட பேரப் போடு மனே. கடல் கொண்டுபோனதுக்கு மேல இனி ஆரு என்னத்தக் கொண்டுபோகப் போறாங்க?"

கட்டுகிறவர்களிடமும் கேட்க வேண்டுமே. வேலைத்தளத்துப் பொறியியலாளரிடம் போனோம். எங்களுக்குச் சோடா உடைத்துத் தந்தார். நன்றாகப் படிக்க வேண்டும், இந்த வயதில் வெயிலில் திரியக்கூடாது என்றார். மணலைப் பற்றிக் கேட்டதற்குச் சிரித்தார். சோடா குடிக்காமல் வந்ததையும் அவர் சிரித்ததையும் எழுதினோம். சோடாவை அக்கா வெட்டினாள், சிரிப்பை விட்டாள்.

திருத்தித் திருத்தி எழுதி முடித்த அன்று அக்கா அதை வகுப்பில் உரத்து வாசித்தாள். மாமி பெயர் போடச் சொன்ன இடத்தில் அவளுடைய குரல் கொஞ்சம் தடக்கியது. வாசித்து முடித்து, தாளை மேசையில் வைத்துவிட்டு, "இத நான் எழுதியிருக்கலாமெண்டு ஆசயா இருக்கு" என்றாள். முதல் பக்கத்தில் இதுதான் என்றாள். அம்மா போன பிறகு எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சந்தோஷம் அது.

பத்திரிகை வெளியிட்ட அன்று நகரத்து மண்டபம் ஒன்றில் கூட்டம். முன்வரிசையில் வெளிநாட்டுக்காரர்கள், அதிகாரிகள். எங்களுக்கெல்லாம் ஒரே நிறத்தில் சுடிதார் தைத்துத் தந்திருந்தார்கள். அக்கா அன்று சேலை உடுத்தியிருந்தாள். அவளைச் சேலையில் பார்த்துக் கூச்சப்பட்டுச் சிரித்தோம். சான்றிதழ் வாங்க மேடைக்குக் கீழே வரிசையில் நிற்கும்போதுதான் பத்திரிகை என் கைக்கு வந்தது.

முதல் பக்கம் முழுக்க மாமியின் சிரிப்பு. கலரில். மேலே பெரிய எழுத்தில், "எங்களுக்கும் ஒரு கூரை கிடைத்தது." கீழே என் பெயரும் என் சோடியின் பெயரும்.

நான் வாசிக்கத் தொடங்கினேன். முதல் இரண்டு வரி என்னுடையவை. மாமியின் பெயர், வயது, இழந்த பேரப்பிள்ளைகள். அதற்குப் பிறகு வந்தது எதுவும் நாங்கள் எழுதியதில்லை. முன்பு ஓலைக் குடிசையில் வாழ்ந்த இந்தத் தாய் என்று இருந்தது. நாவலடியில் மாமியின் வீடு கல்வீடு, எங்களுடையதைவிடப் பெரியது. புதிய வீட்டில் நிம்மதியாக உறங்குவதாக மாமி சொல்லியிருந்தார். கட்டித் தந்தவர்களைக் கடவுளாக நினைப்பதாகவும் சொல்லியிருந்தார். உப்பு இல்லை. கையெழுத்து இல்லை. பொறியியலாளர் மட்டும் இருந்தார், தரமான பொருட்களையே பாவிப்பதாகச் சொல்லிக்கொண்டு.

என் சோடியும் வாசித்துவிட்டாள் என்பது அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் தெரிந்தது. அதே நேரம் மேடையில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் ஏறினேன். ஏறாமல் நிற்கலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை. சான்றிதழைத் தந்தவர் என் கையைக் குலுக்கினார், படம் எடுத்தார்கள். பக்கத்தில் நின்ற அக்கா என்னைப் பார்க்கவில்லை. அதிலிருந்துதான் எனக்கு உறுதியானது. அச்சகத்தில் நடந்த தவறு ஏதோ என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் முடிந்து மண்டபத்தின் பின்பக்கம், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் வைத்து அவளைப் பிடித்தோம்.

"அக்கா, இது நாங்க எழுதினதில்ல."

அவள் குரலைத் தாழ்த்தி, இங்கே வைத்துக் கதைக்க வேண்டாம் என்றாள். நாங்கள் நகரவில்லை. பிறகு சொன்னாள். அந்த வீடுகளுக்குக் காசு தருகிறவர்கள்தான் எங்கள் வகுப்புக்கும் தருகிறார்கள். எங்கள் கட்டுரையைப் பார்த்துவிட்டு, இது வந்தால் அடுத்த வருடம் வகுப்பு இல்லை என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். அவளே மாற்றி எழுதினாளாம், வேறு யாரும் கண்டபடி எழுதி வைப்பதைவிட அது நல்லது என்று.

என் சோடி கேட்டாள். "சரி, மாத்தினீங்க. எங்கட பேர எடுத்திருக்கலாமே?"

"உங்கட பேருதானே வேணும். புள்ளைகள் எழுதினதெண்டு காட்டத்தானே இவ்வளவும்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது போல இருந்தது. அவள் என் தோளைத் தொட வந்தாள். நான் விலகினேன். யாரோ உள்ளிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சேலையைச் சரிசெய்துகொண்டு போனாள்.

அந்தப் பத்திரிகையைக் கட்டுக்கட்டாக வீட்டுத்திட்டத்துக்கே கொண்டுபோய் வீடு வீடாகக் கொடுத்தார்கள். அப்பா கடைக்குப் போய்விட்டு, வாங்கப் போனதை வாங்காமல் திரும்பி வந்தார். உன் மகள் எங்களை விற்றுப்போட்டாள் என்று கடையில் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா என்னிடம் கோபப்படவில்லை. நடந்ததைச் சொல் என்றார். எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, "வா, போவம்" என்றார்.

மாமி கதவைத் திறந்தார். உள்ளே கூப்பிட்டு, பாயை விரித்து, தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அப்பா, பிள்ளை எழுதியது வேறு, வந்தது வேறு என்று சொல்லத் தொடங்கினார். மாமி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "தேத்தண்ணி ஆறப்போகுது, குடிங்க" என்றார்.

குடிங்க. பிறந்ததிலிருந்து என்னை நீ என்றும் மனே என்றும் கூப்பிட்ட ஆள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த நாள் என் சோடியைக் காண நானே காத்தான்குடிக்குப் போனேன். அவளும் நானும் அவர்களுடைய கடையின் மேல்மாடியில், துணி சுற்றிவரும் பெரிய தாள்களை விரித்து, எங்கள் கட்டுரையை முதலிலிருந்து கடைசிவரை கையால் எழுதினோம். உப்பு, கையெழுத்து, சிரிப்பு, எல்லாம். மேலே, "எங்கள் பெயரில் பத்திரிகையில் வந்தது நாங்கள் எழுதியதல்ல" என்று எழுதினோம். கீழே பெயர் வைத்தோம். அவளுடைய வாப்பா படியேறி வந்து வாசித்தார். பெயரை மட்டும் எடுத்துவிடு மகள் என்று கேட்டார். அவள் மாட்டேன் என்றாள். அவர் பசைக்கு மா காய்ச்சச் சொல்லி உம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுத்திட்டத்துக் கிணற்றடியில், கடைச் சுவரில், பஸ் தரிப்பில் ஒட்டினோம். பொழுது பட முன்னமே கிழித்துவிட்டார்கள். கட்டுகிறவர்களின் ஆட்களா, வீட்டை இழந்துவிடுவோம் என்று பயந்த எங்கள் ஆட்களேயா, தெரியாது. வகுப்புக்கு எங்கள் இருவரையும் அதன்பிறகு கூப்பிடவில்லை. யாரும் வந்து நிறுத்தினோம் என்று சொல்லவுமில்லை. அக்கா வருவாள் என்று நான் பார்த்திருந்தேன். ஸ்கூட்டர் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். கொஞ்ச நாளில் அவள் புலமைப்பரிசில் கிடைத்து வெளிநாடு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்தப் பத்திரிகையைக் காட்டித்தான் கிடைத்தது என்று வகுப்பில் இருந்த ஒருத்தி சொன்னாள்.

அந்த வருட மாரியோடு சண்டையும் திரும்பத் தொடங்கியது. வாகரைப் பக்கத்திலிருந்து சனம் நடந்தே வந்தது. எங்கள் வீட்டுத்திட்டத்துக்குப் பக்கத்து வெளியில் தறப்பாள் கூடாரங்கள் முளைத்தன. ஷெல் சத்தத்துக்கு வீட்டுச் சுவர்களிலிருந்து மண் உதிரும். அதற்குள் அப்பாவும் நானும் எங்கள் வீட்டுக்குக் குடிவந்திருந்தோம். நாங்களும் கையெழுத்து வைத்துத்தான் திறப்பு வாங்கினோம். விடாமல் மழை பெய்த ஒரு காலையில் மாமியின் குசினிச் சுவர் உள்பக்கமாகச் சாய்ந்தது. மாமி அடுப்படியில் இருந்தார். தோள் எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டில் கட்டிலுக்குக் கீழேயும் ஆட்கள் படுத்திருந்தார்கள். மாமி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். என்ன சொல்வதென்று தெரியாமல், நாங்கள் உண்மையைத்தான் எழுதி ஒட்டினோம் மாமி என்றேன். கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"தெரியும் மனே. கிணத்தடில நிண்டு வாசிக்கச் செல்லிக் கேட்டனான். அது ஒரு பகல் நிண்டுது. மத்தப் பேப்பர் இன்னும் எல்லார்ட வீட்டயும் கிடக்கு."

மனே என்று கூப்பிட்டுவிட்டார் என்று எனக்கு அழுகை வந்தது. அவர் சொன்ன மிச்சத்தைப் பிறகுதான் யோசித்தேன். யோசிக்க யோசிக்க, அக்கா மேல் இருந்த கோபம் வேறு மாதிரி ஆனது. அதுவரை அவள் என்னை ஏமாற்றினாள் என்றுதான் அழுதுகொண்டிருந்தேன், மாமிக்குச் செய்ததை நினைக்கவில்லை. மாமியின் சிரிப்பை எடுத்துக் கொடுத்தது நான். அதை என்னிடம் வாங்கிக்கொண்டவள் அவள். உப்புச் சுவருக்கு அந்தச் சிரிப்பை அவள் வெள்ளைச் சுண்ணாம்பாக அடித்திருந்தாள்.

மாமியின் சுவரைப் பிறகு அக்கம்பக்கத்து ஆட்கள் ஆற்று மணல் கொண்டுவந்து கட்டிக் கொடுத்தார்கள். என் சோடி கல்யாணமாகி ஓட்டமாவடிக்குப் போனாள். நான் எழுதுவதை விடவில்லை. கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு எங்கள் பகுதிச் செய்தி அனுப்பத் தொடங்கினேன். யுத்தம் முடிந்த பிறகு வந்த வெளிநாட்டுச் செய்தியாளர்களுக்கு மொழிபெயர்ப்புக்கும் போனேன். அடிபட்டு அடிபட்டு ஆங்கிலம் படித்துக்கொண்டேன். சனம் அழுதுகொண்டு சொல்வதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது எவ்வளவு பாடு என்று அந்த வேலையில்தான் தெரிந்தது.

பாசிக்குடாவில் புதிய ஹோட்டல்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். ஒருநாள் தொலைபேசியில் அக்காவின் குரல். வருடங்கள் போயும் முதல் சொல்லிலேயே அடையாளம் தெரிந்தது. திரும்பி வந்துவிட்டாள். புதிதாகப் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி தொடங்குகிறார்களாம், அங்கே ஒரு ஹோட்டலில் கூட்டமாம். "வந்து இந்தப் புள்ளைகளுக்கு ரெண்டு சொல்லுச் செல்லு. நீதானே என்ட முதல் பிள்ளை" என்றாள். வருகிறேன் என்றேன்.

குளிரூட்டிய மண்டபம். கண்ணாடிக்கு வெளியே அலையில்லாத கடல். பாடசாலைச் சீருடையில் பிள்ளைகள், முன்வரிசையில் வெளிநாட்டு விருந்தாளிகள். அக்காவின் தலையில் கொஞ்சம் நரை. என்னைக் கட்டிப்பிடித்தாள். விளக்கை அணைத்து, திரையில் அந்தப் பத்திரிகையின் முதல் பக்கத்தைக் காட்டினார்கள். மாமியின் சிரிப்பு, சுவர் அளவுக்கு. அதன் கீழே என் பெயர்.

என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். அக்கா என் பக்கத்தில் நின்று விருந்தாளிகளுக்கு ஆங்கிலத்தில் சொல்லுவதாக ஏற்பாடு. நான் பிள்ளைகளைப் பார்த்துப் பேசினேன். இந்தப் படத்தை எடுத்தது நான், கீழே உள்ள கட்டுரை என்னுடையதல்ல என்றேன். சுவரில் இருந்த உப்பைச் சொன்னேன். சுவர் விழுந்ததைச் சொன்னேன். உங்கள் பெயரில் என்ன அச்சாகிறது என்று அச்சாகுமுன் காட்டச் சொல்லிக் கேளுங்கள் என்றேன். நிறுத்தி, மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தேன்.

அக்கா தெளிவான, அழகான ஆங்கிலத்தில் சொன்னாள். அது மிகக் கஷ்டமான காலம் என்று இவர் சொல்கிறார். எத்தனையோ தடைகள் இருந்தன. இந்தப் பயிற்சிதான் தனக்குக் குரல் கொடுத்தது என்கிறார்.

விருந்தாளிகள் கைதட்டினார்கள். பிள்ளைகள் தட்டவில்லை. அவர்களுக்கு நான் சொன்னதும் விளங்கியது, சிலருக்கு அவள் சொன்னதும் விளங்கியது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. என்னைப் பற்றி அவள் அவ்வளவுதான் விசாரித்திருந்தாள். நான் ஒலிவாங்கியை எடுத்து, என் உடைந்த ஆங்கிலத்தில், நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். நான் சொன்னதை ஒவ்வொன்றாக, இலக்கணம் பிழைக்கப் பிழைக்கச் சொன்னேன். ஒருவர் காகிதத்தில் குறித்துக்கொண்டார். மற்றவர்கள் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் அறிவிப்பாளர் நன்றி சொல்லி, சாப்பாடு ஆயத்தம் என்றார்.

வெளிவாசல் வரை அக்கா என் பின்னால் வந்தாள். அவசரத்தில் செருப்பைப் போடாமல் வந்திருந்தாள், வெயிலில் கால் மாற்றி மாற்றி நின்றாள்.

"நான் அண்டைக்கு ஏலாதெண்டிருந்தா வகுப்ப மூடியிருப்பாங்க. உங்கள எல்லாம் வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

"எங்க ரெண்டு பேரையும் அனுப்பினதுதானே அக்கா."

சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். பஸ் வந்துவிடும் என்றேன். அவ்வளவுக்குப் பிறகும் அக்கா என்றுதான் வாயில் வந்தது. வேறு சொல் ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை.

பஸ்ஸில் இருந்துகொண்டு என் சோடிக்குப் போன் எடுத்தேன். அவள் பிள்ளையை நித்திரையாக்கிக்கொண்டிருந்தாள், மெல்லிய குரலில் கதைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் அவள் கேட்டாள்.

"மன்னிப்புக் கேட்டாவா?"

"இல்ல."

"கேப்பாவெண்டு நினைச்சா போன நீ?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு என் முகம் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன்.

"ஓம்" என்றேன்.